ராணிகளின் கணக்கு

நவம்பர் மாதத்தில் வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு விசித்திரமான வேலை வந்து சேரும். பென்ஷனும் குடும்ப பென்ஷனும் வாங்குகிறவர்கள் தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வருவார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள், அல்லது இப்போது வந்திருக்கும் இயந்திரத்தில் விரலை வைப்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வருகிறவர்களில் கணவனை இழந்த பெண்கள் நிறைய. கணவன் இறந்ததற்கு ஒரே ஒரு முறை சான்றிதழ் கொடுத்தால் போதும். அது என்றைக்கும் செல்லும். அவள் இருப்பதற்குத்தான் வருஷா வருஷம் சான்று வேண்டியிருக்கிறது.

போன நவம்பரில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் தன் மகனோடு வந்தாள். கணவன் சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பியவனை எங்கள் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் பெயரில் இருந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வேண்டும். நான் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு எத்தனை வருஷத்துக்குப் போடலாம், வட்டியை மாதா மாதம் எடுப்பதா சேர்த்து எடுப்பதா என்று அவள் மகனிடம் கேட்டேன். மகன் யோசித்துச் சொன்னான். அவளுடைய பணத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் மிகுந்த மரியாதையோடு பேசிக்கொண்டோம். அவள் கையெழுத்துப் போட்டாள். பிரெஞ்சு எழுத்து, சாய்வாக, ஒன்றோடொன்று கோத்து, என் கையெழுத்தைவிட எவ்வளவோ அழகாக. எழுந்து போகும்போது நாற்காலிக்காக எனக்கு நன்றி சொன்னாள்.

அந்த நாற்காலியைப் பற்றி யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

பி.ஏ.யில் நான் ஆங்கில இலக்கியம். சாஸரின் நைட்டும் மாலரியின் லான்ஸலட்டும் பாடம். ஷிவல்ரி பற்றிக் குறிப்பு வரைக என்று பரீட்சையில் வரும். குதிரையேறிய வீரன், எஜமான விசுவாசம், சொன்ன சொல் தவறாமை, எளியவருக்கு இரங்குதல், பெண்ணைப் போற்றுதல் என்று வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். புதுச்சேரிக்காரனுக்கு இது அவ்வளவு அந்நியமான சமாசாரமும் அல்ல. செவாலியே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் குதிரைவீரன் என்றுதான் மூலப்பொருள். அந்தப் பட்டம் இங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நான் குடியிருக்கும் லாஸ்பேட்டையே ழான் லா தெ லொரிஸ்தோன் என்ற பிரெஞ்சு கவர்னரின் பெயரால் வந்தது என்பார்கள். கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்துக்கு ஜூலை 14 அன்று விளக்கு போடுகிறார்கள். செங்கத்துப் பக்கம் தொறு மீட்டு மடிந்தவனுக்கு நட்ட நடுகல்லும் அதுவும் ஒரே ஜாதி. கல்லில் வீரன் இருக்கிறான், அவன் யாருக்காகச் செத்தான் என்பது இருக்கிறது. மறுநாள் காலையில் அவன் வீட்டு அடுப்பை யார் மூட்டினார்கள் என்பது கல்லில் எழுதுகிற விஷயம் அல்ல.

பரீட்சைக்கு வெளியே படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தப் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. நாம் சொல்லும் அரசவைக் காதல் என்ற பெயரையே 1883இல் காஸ்தோன் பாரி என்ற பிரெஞ்சுப் பண்டிதர்தான் விமர்சனத்தில் நிலைநிறுத்தினார். எலியனோரின் பாட்டன், அக்கித்தேன் நாட்டுப் பிரபு ஒன்பதாம் கியோம். அந்தக் காதலைப் பாடிய த்ருபதூர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் அவன்தான். எலியனோரோ அந்த நாட்டுக்கே வாரிசு. 1137இல் பிரான்ஸ் அரசன் ஏழாம் லூயியை மணந்தாள். 1152இல் அந்த மணம் செல்லாது என்று ஆனதும் அதே வருஷம் ஹென்றியை மணந்தாள். நாடும் அவளோடு கைமாறியது. ஹென்றி இங்கிலாந்து அரசனான பிறகு, 1173இல் மகன்கள் அவனுக்கு எதிராகக் கிளம்பியபோது அவள் அவர்கள் பக்கம் நின்றாள். ஹென்றி அவளைக் காவலில் வைத்தான். 1189இல் அவன் சாகும்வரை, ஏறக்குறைய பதினைந்து வருஷம் காவல். இவளுடைய மகன்தான் வீரத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படும் சிங்க இருதய ரிச்சர்ட். அவன் அந்நிய நாட்டில் சிறைப்பட்டபோது அவனை மீட்கும் பணத்தைத் திரட்டும் வேலையை எழுபது வயதில் முன்னின்று செய்தவள் இவள். பாட்டுகளில் வருவது இவளுடைய அழகு. பணம் திரட்டியதைப் பாட எந்தக் கவிஞனுக்கும் தோன்றவில்லை.

பெண்ணைப் போற்றுதல் என்பதிலும் எந்தப் பெண்ணை என்ற கேள்வி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் காதலுக்கு இலக்கணம் எழுதிய ஆந்த்ரேயாஸ் காப்பெல்லானுஸ், பிரபுகுலப் பெண்ணிடம் எவ்வளவு விநயமாகப் பேச வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறான். குடியானவப் பெண்ணென்றால் கொஞ்சம் பலாத்காரம் தேவைப்படலாம் என்று அதே புத்தகத்தில் சொல்லிவிட்டுப் போகிறான். மரியாதை என்பது அந்தஸ்துக்குக் கட்டும் வரிபோல இருந்திருக்கிறது.

இதை உள்ளேயிருந்து பார்த்தவள் கிறிஸ்தீன் தெ பிசான். இருபத்தைந்து வயதில் கணவன் போனான். அவனுக்கு வர வேண்டிய பாக்கியை வசூலிக்கக் கோர்ட்டுக் கோர்ட்டாக வருஷக்கணக்கில் அலைந்தாள். பிறகு எழுதிப் பிழைத்தாள். 1405இல் பெண்களுக்கென்றே ஒரு நகரத்தைக் கட்டுவதாக அவள் எழுதிய புத்தகத்தைப் படித்தபோது, அதன் அஸ்திவாரத்தில் அந்தக் கோர்ட்டுக் காகிதங்கள்தாம் கிடக்கின்றன என்று எனக்குப் பட்டது. இது விமர்சன ரீதியாக நிரூபிக்கக்கூடியதல்ல. தினமும் காகிதங்களில் புழங்குகிறவனுக்குத் தோன்றும் எண்ணம்.

நம்மிடம் நைட்டுகள் இல்லை. அந்த இடத்தை நிரப்பச் சரித்திர நாவல்கள் வந்தன. பொன்னியின் செல்வனை நானும் பள்ளிக்கூட பெஞ்சுக்கு அடியில் வைத்து ஐந்து பாகமும் படித்தவன்தான். அதை மறைத்துக்கொண்டு இப்போது கல்கியைத் திட்டுவது யோக்கியமாகாது. என் புகார் வேறு. அந்த நாவலில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், குந்தவைக்காக உயிரைப் பணயம் வைக்கிறான், அவள் மாடத்தில் நின்று பார்க்கிறாள். மாலரியைப் படித்தவனுக்குப் பழகிப்போன காட்சி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்துப் பார்த்தால் காட்சி தலைகீழாக இருக்கிறது. அங்கே வல்லவரையர் வந்தியத்தேவர் என்ற பெயர் குந்தவையை அடையாளம் சொல்ல வருகிறது: ராஜராஜனின் தமக்கை, இன்னாருடைய தேவி, இன்னின்ன செம்பும் பொன்னும் காசும் கொடுத்தாள் என்று. இத்தனை லட்சம் வாசகர்கள் நேசித்த வீரனின் பெயர் சரித்திரத்தில் நிலைத்ததில், மனைவி போட்ட டெபாசிட் ரசீதுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரசீது என்று வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கல்வெட்டுகளை முதலில் படித்தபோது ஆபீஸுக்கே திரும்பிப் போனதுபோல இருந்தது. குந்தவை கொடுத்த காசை ஊர்ச்சபைகள் பொலிசைக்கு வாங்கிக்கொள்கின்றன. பொலிசை என்றால் வட்டி. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அல்லது காசுக்கு முக்குறுணி நெல். எங்கள் கிளையில் சேமிப்புக் கணக்குக்கு இதில் பாதிகூடக் கிடையாது. ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடு. அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். செத்ததற்கும் கிழமானதற்கும் ஈடாகக் குட்டி சேர்ந்துகொண்டே இருக்க, தொகை குறையாமல் நின்று தினமும் உழக்கு நெய் தர வேண்டும். அசல் அழியாமல் வட்டி நடப்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன வங்கிச் சுற்றறிக்கையை நான் பார்த்ததில்லை.

இந்தக் கணக்குக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது நெருப்பு. விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துத் திருக்கோவலூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று மலையமான் குலத்தைப் பாடுகிறது. அந்தக் குலத்துப் பெண் வானவன் மாதேவி. சுந்தர சோழனின் தேவி, ராஜராஜனுக்கும் குந்தவைக்கும் தாய். கணவன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது, பால்குடி மறக்காத பிள்ளையைப் பிரிந்து அவள் தீயில் இறங்கினாள் என்று கல் சொல்கிறது. புகழ்ச்சியாகத்தான் சொல்கிறது. அதே கல்லில் கபிலரும் இருக்கிறார். பாரியின் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவரும் தீப்புகுந்தார் என்று வருகிறது. பெண்ணையாற்றுக்கு நடுவில் கபிலர் குன்று என்று காட்டும் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தவன். நம்முடைய வள்ளன்மைக்கு அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. மூவேந்தர்கள் அவனைக் கொன்ற பிறகு அவன் மகளிரைக் கபிலர் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நிற்கிறார். இருவருமே மணக்க மறுக்கிறார்கள். வென்றவர்களின் கோபத்துக்கு அஞ்சியிருக்கலாம். வீரமும் அரசியலை ஒட்டித்தான் நடக்கும். தந்தையையும் மலையையும் இழந்து அந்தப் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் ஒரே ஒரு பாட்டு, 112ஆவது. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாரி மகளிர் என்று மட்டும் இருக்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபில் வந்தவை. சங்கப் பாட்டில் கிடையாது. கொடிக்குத் தேர் கொடுத்தது இரண்டாயிரம் வருஷமாக ஞாபகத்தில் இருக்கிறது. மகள்களின் பெயர் நின்றுவிடவில்லை. பூதப்பாண்டியன் இறந்தபோது, தடுத்த சான்றோரிடம் வாதாடித் தீப்புகுந்தவள் பெயரும் பெருங்கோப்பெண்டு. பெரிய ராணி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கைம்மை நோன்பின் சோற்றையும் படுக்கையையும்விடத் தீ தேவலை என்பது அவளுடைய வாதம். அதைக் கற்பின் வீரம் என்று உரை சொல்வார்கள். எனக்கு அது ஒரு புகார் மனுவாகப் படுகிறது. மிச்சமிருந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே சோழ வம்சத்தில், வானவன் மாதேவிக்கு முந்திய தலைமுறையில், ஒருத்தி தீப்புகவில்லை. கண்டராதித்தனின் தேவி, செம்பியன் மாதேவி. கணவன் இறந்தது சுமார் 957இல். 1001இல் அவள் இருக்கிறாள், கோயில் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட கைம்மை. செங்கல்லாக இருந்த கோயில்களை ஊர் ஊராகக் கல்லாக்கினாள். கோனேரிராசபுரத்தில் கணவன் பெயரால் கட்டி, அவன் லிங்கத்தை வணங்குவதாக ஒரு சிற்பமும் வைத்தாள். அதை ஒரு நடுகல் என்றே எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. வாள் இல்லாத நடுகல். திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் பிரித்தபோது அதிலிருந்த பழங்கல்வெட்டுகளைப் படித்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தாள். இன்னது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு. பழைய லெட்ஜரிலிருந்து புதிய லெட்ஜருக்குக் கணக்கை மாற்றி எழுதும்போது நாங்களும் இதைத்தான் செய்வோம். யாரோ எப்போதோ வைத்த விளக்கின் கணக்கு தன் திருப்பணியால் அழிந்துவிடக் கூடாது என்ற கவலை, நான் படித்த எந்த வீரகாவியத்திலும் வரவில்லை.

அவளை மகிமைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பொன்னும் காசும் எங்கிருந்து வந்தன? உழுதவனின் நெல்லிலிருந்தும் படையெடுப்பின் கொள்ளையிலிருந்தும். தஞ்சைக் கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்தும் கொண்டுவந்து குடிவைத்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருத்தி பெயரும், எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு நூறு கலம் நெல் என்பதும் கல்லில் இருக்கின்றன. பாரி மகளிருக்குக் கிடைக்காத பெயர் இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் செலவுப் பக்கத்தில். கணக்கில் பெயர் வருவதும் கணக்கு தன் கையில் இருப்பதும் வேறு வேறு. ராணிக்கு இரண்டாவது வாய்த்தது. அது அவள் பிறந்த குலம் தந்த சலுகை. மற்றவர்களுக்கு அது இல்லை.

செம்பியன் மாதேவி கடைசிக் காலத்தில் கட்டிய கற்றளிகளில் ஒன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. லாஸ்பேட்டையிலிருந்து திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு வழியாகத் திருவக்கரை ஒரு மணி நேரம்கூட இல்லை. பௌர்ணமியென்றால் வக்கிரகாளியைப் பார்க்கக் கூட்டம் நெரியும். நான் போனது ஒரு சாதாரண வியாழக்கிழமை, லீவு போட்டுவிட்டு. வழியெல்லாம் குவாரி லாரிகள், வெள்ளைப் புழுதி. ஊரின் ஓரத்தில் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கம்பி வேலி போட்டு அரசாங்கம் காக்கிறது. கோயிலில் அர்ச்சகரைத் தவிர யாருமில்லை. 1001இல், ராஜராஜனின் பதினாறாம் ஆட்சியாண்டில், அவள் கல்லால் எடுப்பித்த இடம்.

சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் இன்னொன்று உறைத்தது. செம்பியன் என்றால் சோழன். செம்பியன் மாதேவி என்பதும் பெயரல்ல, சோழனின் பெருந்தேவி என்ற பதவி. மழவரையர் மகள், கண்டராதித்தன் தேவி, உத்தம சோழனைப் பெற்ற வயிறு: கல்வெட்டுகள் அவளை இப்படித்தான் சொல்கின்றன. வாஷிங்டனில் ஃப்ரீர் கலைக்கூடத்தில் 1929 முதல் இருக்கும் ஒரு செப்புத்திருமேனியைப் பார்வதி உருவில் இவளே என்று அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்த முகத்தில் பெயர் இல்லை; இங்கே பெயரும் அவளுடையதில்லை. மிஞ்சுவது வினைச்சொல் ஒன்றுதான். எடுப்பித்தாள், கொடுத்தாள், வைத்தாள். எதற்காக என்று அவளை யாரும் கேட்டதாகக் கல்லில் இல்லை.

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. குடும்ப பென்ஷன் அம்மா பெயரில் வருகிறது. அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த மறுவாரம், பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். 'நீ எதுக்கும்மா அலையணும், நான் பாத்துக்கறேன்' என்றேன். உறவினர்கள் இப்படியொரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளுக்கு வேண்டியதெல்லாம் வாங்கித் தந்தேன். மாத்திரை, புடவை, கண்ணாடி. பென்ஷனில் ஒரு பைசா நான் தொட்டதில்லை. இது பெருமைக்காகச் சொல்வதல்ல. குற்றம் அதில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். போன ஆடி மாதம் அம்மா, 'ரெண்டாயிரம் ரூபா எடுத்துக் குடுடா' என்றாள். நான் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து, 'எதுக்கும்மா?' என்றேன். மிக அன்பாகத்தான் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். 'ஒண்ணுமில்ல, விடு' என்று உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் பணம் கேட்கவே இல்லை.

பத்து வருஷமாகக் கவுன்ட்டரில் இருக்கிறேன். தன் பணத்தை எடுக்க வந்த ஆண் பிள்ளை ஒருவனிடமும் எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அடிக்க வருவான். ஷிவல்ரியைப் பற்றிப் பரீட்சையில் எழுதிய குறிப்பை இப்போது எழுதச் சொன்னால் ஒரே வரி எழுதுவேன்: நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பெண்ணின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொள்ளுதல். எலியனோருக்குப் பாட்டு, வானவன் மாதேவிக்குக் கல், சொல்தா வீட்டுப் பெண்ணுக்கு நாற்காலி.

திருவக்கரையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி பாஸ்புக்கையும் கார்டையும் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். ஏதாவது சொல்வாள், கண் கலங்குவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொரு நாற்காலியைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன் போலும். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசிப் பக்கத்தை எடுத்து விரலால் வரி வரியாகக் கீழே வந்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

'மார்ச்சுக்கு அப்புறம் வட்டியே ஏறலியேடா' என்றாள்.

ஏறியிருக்கும், நான்தான் புத்தகத்தில் போடவில்லை என்றேன்.

'பேங்குல இருந்துக்கிட்டு இதுகூடவா? போட்டுக் கொண்டா. பாத்துட்டுச் சொல்றேன்.'

கார்டை மட்டும் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் எங்கள் கிளையில் வாடிக்கையாளர்கள் வரிசையிலேயே நின்று, இயந்திரத்தில் வைத்துப் பதிந்து கொண்டுவந்து கொடுத்தேன். பார்த்துவிட்டாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.